வீரவநல்லூர் ராலே, மெல்போர்ன் புகார்: ஒரு சேதத் தகராறின் முழு விவரம்

மெல்போர்னுக்கு நான் விற்று அனுப்பிய ஒரு பழைய ராலே சைக்கிளைப் பற்றி, "சேதம்" என்று ஒரே சொல்லில்தான் புகார் வந்தது. பிரித்துப் பார்த்தபோது அதற்குள் ஆறு விஷயங்கள் இருந்தன. ஆறுக்கும் காரணம் ஒன்றல்ல. சில என் கையால் வந்தவை, ஒன்று வழியில் நடந்தது, ஒன்று வாங்கியவர் கொண்டுபோன கடையில் நடந்தது, ஒன்று சேதமே இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் "அனுப்பும்போது நல்லாத்தான் இருந்தது" என்று நான் ஒரு வரி பதில் போட்டிருந்தால் முழுப் பணமும் போயிருக்கும், நல்ல மனிதர் ஒருவரோடு பகையும் வந்திருக்கும். பழைய சைக்கிள் வாங்கிச் செப்பம் செய்து விற்கும் வேலையை ஆறு வருடமாகப் பாளையங்கோட்டையில் செய்கிறேன். வெளிநாட்டுக்கு அனுப்பியதில் இது ஐந்தாவது வண்டி. இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் தேதி, அளவு, தொகை எல்லாவற்றோடும் எழுதுகிறேன்.

வண்டியும் பெட்டியும்

வண்டி வீரவநல்லூரில் ஒரு வீட்டின் உள் அறையில் நெல் குலுக்கைக்குப் பின்னால் கிடந்தது. அந்த வீட்டுத் தாத்தா கொழும்பில் கடைக் கணக்கு எழுதியவர். ஊருக்குத் திரும்பும்போது தனுஷ்கோடி வழியாகக் கப்பலில் கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை தலைமன்னாருக்கும் அதற்கும் இடையே கப்பல் ஓடியது, ஆகவே அந்தப் பேச்சை நம்பலாம். நாட்டிங்ஹாமில் செய்த ராலே. 24 அங்குல ஃபிரேம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பல்சக்கரத்தில் கொக்குத் தலை, முழுதும் மூடிய செயின்கவர். பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப், ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஏ.டபிள்யூ. மாடல். ஹப்பின் உடம்பில் 54 என்று அடித்திருந்தது. அந்த எண் அது செய்த வருடம்.

இணைய விற்பனைத் தளத்தில் போட்ட இரண்டாவது வாரமே மெல்போர்னிலிருந்து ஒருவர் கேட்டார். விலை 950 ஆஸ்திரேலிய டாலர். அன்றைய கணக்கில் 51,000 ரூபாய் போல வரும். 1,000 டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு ஆஸ்திரேலியாவில் 10 சதவீத ஜி.எஸ்.டி.யைத் தளமே வாங்குபவரிடம் பிடித்துக் கட்டிவிடும், 2018 ஜூலையிலிருந்து அப்படித்தான். நம் பக்கத்தில் ஏற்றுமதி எண் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. வண்டிக்கு எழுபது வயதுதான். நூறு தாண்டிய பொருள் என்றால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். அந்தச் சிக்கலும் இல்லை.

ஆஸ்திரேலியா என்றால் மண் ஆகாது. டயர் இடுக்கில் ஒரு துணுக்கு மண் இருந்தாலும் அங்கே நிறுத்திவிடுவார்கள். வைக்கோல் வைத்துப் பொதியவும் கூடாது. பல்துலக்கும் பிரஷ் வைத்து இரண்டு நாள் கழுவினேன். அதில் காட்டிய அக்கறையைப் பெட்டியில் காட்டவில்லை.

கூரியரில் பெட்டியின் எடையைப் பார்த்து மட்டும் கூலி போடமாட்டார்கள். நீளம், உயரம், அகலம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அதில் வரும் எண் நிஜ எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த எண்ணுக்குத்தான் கூலி. வண்டி பெட்டியோடு 23 கிலோ. பெட்டி 128 நீளம், 74 உயரம், 24 அகலம். வகுத்தால் 45.5 வருகிறது, 46 கிலோவுக்குப் பில் போட்டார்கள், ரூ.31,000. அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ கூடும். கூலி வாங்குபவர் தலையில் விழுவது, வண்டி விலையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வந்துவிட்டது. அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கலாம் என்று புது சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் சுருக்கி, 24-க்குள் எல்லாவற்றையும் அடக்கினேன்.

முருகன்குறிச்சிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் எனக்கு இந்தத் தொழிலில் ஆசான். அன்றைக்கு அவர் ஊரில் இல்லை, பொங்கலுக்குப் போயிருந்தார். நான் தனியாகக் கட்டினேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி ஃபிரேமின் இரு பக்கமும் வைத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி, நுரைத்தாள் சுற்றி, டேப் ஒட்டி மூடினேன். கட்டுவதற்கு முன் 22 படமும் ஒரு வீடியோவும் எடுத்திருந்தேன். வீடியோவில் பெடல் மாட்டிய கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு அது நிற்கும் வரை காட்டியிருந்தேன். அந்த வீடியோ பிறகு பெரிய உதவியாக இருந்தது.

புகார்

2025 பிப்ரவரி 4, செவ்வாய், பெட்டி மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. "வந்து சேர்ந்தது, நன்றி" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் 15-ம் தேதி சனிக்கிழமை இரவு தளத்தில் புகார் பதிவானது. விவரத்துக்கு மாறான பொருள், சேதம், முழுப் பணமும் கூலியும் திரும்ப வேண்டும். பதினொரு படம், கூடவே அங்குள்ள ஒரு சைக்கிள் கடையின் தாளில் எழுதிய குறைப் பட்டியல். பதில் சொல்ல எனக்கு மூன்று வேலை நாள். அதற்குள் பேசி முடிக்காவிட்டால் தளமே தீர்ப்புச் சொல்லும். சேதம் என்று படம் வைத்துக் கேட்டால் பெரும்பாலும் வாங்கியவர் பக்கம்தான் போகும்.

அன்றிரவே பதில் போட்டேன். நான்கு வரிதான். படங்களைப் பார்த்துவிட்டேன், வருத்தப்படுகிறேன், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து நாளைக்குள் சொல்கிறேன், அதுவரை வண்டியில் வேறு எந்த வேலையும் செய்ய வேண்டாம். தவறு யாருடையது என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. முதல் பதிலில் அதை எழுதினால் இரண்டு பேரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவோம்.

அரை மணி நேரத்தில் குரல் செய்தி ஒன்று வந்தது, தமிழில். விற்பவர் ஊர் திருநெல்வேலி என்று பார்த்துத்தான் வாங்கினாராம். அவர் பிறந்ததும் திருநெல்வேலி. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற இடம். அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார், இதே மாதிரி ராலேயில்தான் பள்ளிக்குப் போனாராம். "ஐயா, துவிச்சக்கர வண்டி எண்டால் எங்களுக்கு ராலேதான்" என்றார். குரலில் கோபம் குறைவு, ஏமாற்றம் அதிகம். கேட்டுவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

இங்கே ஒரு சொல்லால் குழம்பினேன். "முன் சில்லைப் போட ஏலாமல் கிடக்கு" என்று அவர் சொன்னார். நம் பக்கம் சில்லு என்றால் உடைந்த துண்டு, பாண்டி விளையாட எறிகிற ஓட்டுத் துண்டு. ஃபோர்க் முனையில் ஏதோ துண்டு பெயர்ந்து போயிருக்கிறது, அதை ஒட்ட முடியவில்லை என்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உடைந்த இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. காலையில்தான் தெரிந்தது, அவர்கள் ஊரில் சில்லு என்றால் சக்கரம். முன்சக்கரம் ஃபோர்க்குக்குள் நுழையவில்லை, அவ்வளவுதான் செய்தி. அதன் பிறகு எந்தப் பாகத்தைப் பற்றிப் பேசினாலும் படத்தில் ஒரு வட்டம் போட்டு அனுப்புவது என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

படங்கள் சொன்னது

ஞாயிறு காலை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, ஃபோர்க்குக்குள்ள கட்டை வச்சியாடே?" என்றார்.

வைக்கவில்லை. சக்கரம் இல்லாத ஃபோர்க் இரண்டு கால் கவட்டை மாதிரி, முனையில் பிடிமானம் கிடையாது. ஒரு பக்கம் அழுத்தினால் உள்ளே வளையும். அந்த முனைகளுக்கு நடுவில் ஒரு கட்டையோ பழைய ஆக்சிலோ வைத்து முறுக்கியிருந்தால் பெட்டி மேல் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். அனுப்பும்போது இரு முனைக்கும் நடுவே ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். அவர் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தில் ஏழு. இதில் கூரியரைச் சொல்ல ஒன்றுமில்லை, கட்டியதில் குறை. நல்ல வேளையாக ஸ்டீல் ஃபோர்க், தெரிந்த மெக்கானிக் விரித்து நேராக்கிவிடலாம். கார்பன் ஃபோர்க்காக இருந்திருந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அடுத்து செயின்கவர். இதில்தான் அதிக நேரம் செலவழித்தோம். படத்தில் இரண்டு நெளிவு. ஒன்று முன்பக்கம், நீளமாக, ஒரு கத்தி மடிப்புப் போல. இன்னொன்று நடுவில், ஐம்பது பைசா அளவுக்குச் சின்னப் பள்ளம். "சப்பளிஞ்சு போச்சு" என்று அவர் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருந்தார். இரண்டிலும் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் தகடு வெள்ளிபோல மின்னியது, துரு இல்லை. அதாவது இரண்டும் புதுசு, இங்கிருந்து கிளம்பிய பிறகு ஆனவை. அதுவரை சரி. அண்ணாச்சி சின்னப் பள்ளத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பள்ளத்தின் விளிம்பு வட்டமாக இல்லை. மூலை மூலையாக இருந்தது. எண்ணினால் ஆறு மூலை.

பின்சக்கரத்து ஆக்சில் நட்டு. நான் சக்கரத்தைச் சாய்த்து வைத்த இடம் அதுதான். 24 சென்டிமீட்டர் அகலத்தில் சக்கரம், ஃபிரேம், சக்கரம் என்று மூன்று அடுக்கு. நுரைத்தாள் நசுங்கி, நட்டு நேராகச் செயின்கவரில் பதிந்திருக்கிறது. சாயங்காலம் வீடியோ அழைப்பில் அவரிடம் அந்த நட்டைக் கழற்றிப் பள்ளத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அச்சில் போட்டதுபோல உட்கார்ந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது நான் கட்டினதில் வந்த குறை, ஐயா" என்று நானே சொன்னேன்.

நீள மடிப்பு அப்படியல்ல. அதற்கு நேராக உள்ளே எந்தச் சாமானும் வைக்கவில்லை. வெளியிலிருந்துதான் அடி விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பெட்டி வேண்டும். "பெட்டியை அடுத்த நாளே எறிஞ்சு போட்டன்" என்றார். இந்த இடத்தில்தான் பலர் கைவிடுவார்கள். எனக்குக் கூரியரின் தடம் காட்டும் பக்கம் ஞாபகம் வந்தது. வாசலில் வைத்துவிட்டுப் போகிறபோது கூரியர் ஆளே ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தார், ஒப்படைத்ததற்குச் சாட்சியாக. வாசல் மிதியடி, ஒரு பூந்தொட்டி, நம் பெட்டி. பெட்டியின் கீழ் மூலையில் அட்டை வாய் பிளந்து, ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புத் தகடு தெரிந்தது. அந்த மூலைக்குள் இருந்தது செயின்கவரின் முன்பக்கம்தான். உடனே அந்தப் பக்கத்தைத் தேதி, நேரத்தோடு படமாகப் பிடித்து வைத்தேன். இப்படிப்பட்ட படங்கள் அங்கே அதிக நாள் நிற்காது.

பின் மட்கார்டில் ஒரு விரிசல் என்று புகார். வெடிப்பின் உள்வாய் முழுக்கக் காவி நிறத் துரு. பதினொரு நாளில் அவ்வளவு ஆழத்துக்குத் துரு இறங்காது, பழைய விரிசல். நான் அனுப்பிய படங்களைத் திரும்பப் பார்த்தேன். பதினான்காவது படத்தில் ஒரு முடி இழைபோலத் தெரிந்தது. விவரத்தில் நான் எழுதவில்லை, என் கண்ணில் படவே இல்லை. படத்தில் இருந்ததே என்று வாதாட மனம் வரவில்லை. வாங்குபவர் விவரத்தை நம்பித்தான் பணம் கட்டுகிறார், இதற்கும் பொறுப்பு எனக்கே.

ஐந்தாவது, பி.பி. கப்பின் திருகு மரை. பி.பி. என்றால் பாட்டம் பிராக்கெட், கிராங்கு ஆக்சிலைத் தாங்கக் குழாயில் திருகி வைக்கும் கிண்ணம்தான் கப். கிராங்கு ஆக்சில் ஓடும் குழாயில் இடது பக்கம் மரை தேய்ந்து சிதைந்திருக்கிறது, ஃபிரேமே வீண் என்று பட்டியலில் எழுதியிருந்தது. தொகையில் பெரியது இதுதான். நாட்டிங்ஹாம் ராலேயின் கப்பில் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் 24. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 24 மரைக் கப்பை 26 மரைக் குழாயில் வைத்தால் முதல் ஒன்றரைச் சுற்று தாராளமாக ஏறும், அப்புறம் இறுகும். அங்கே நிறுத்தாமல் பெரிய ஸ்பேனர் போட்டால் இருக்கிற மரையை அறுத்துக்கொண்டு போகும். படத்தில் குழாயின் வாயில் சுருள் சுருளாகப் பளபளக்கும் இரும்புத் துகள் இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்து, "இது நேத்து அறுத்த இரும்புல்லா" என்றார்.

இதைச் சொல்வது கஷ்டமான வேலை. அவரிடம் பழியாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டேன். கப்பை மாற்றினார்களா? பழைய கப் இருக்கிறதா? வீடியோவில் கிராங்கு தடையில்லாமல் சுற்றியதைப் பார்த்தீர்களா? கடைக்கு அழைத்துக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "கடைக்காரப் பெடியன் குழி விழுந்திருக்கெண்டு புதுக் கப் போடப் பாத்தவனாம். இறுகிப் போச்செண்டு திருப்பிக் கழட்டினவனாம்." பழைய கப்பும் கடையின் தகர டப்பாவில் இருந்தது. இரண்டையும் பல்லோடு பல் சேர்த்து வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். சீப்பு இரண்டைச் சேர்த்த மாதிரி முதலில் பொருந்தி, நான்காவது பல்லில் விலகிப் போவது தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் இந்த ஒன்றைப் பற்றி என்னிடம் பணம் கேட்கவில்லை.

ஆனால் அவர் அதைச் சொன்னதற்கு முன்னால் நட்டுப் பள்ளத்தை நான் ஒப்புக்கொண்டிருந்தேன் என்பதை மறக்க முடியவில்லை. அது நடக்காமல் கப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஆறாவது கியர். ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றினால் மூன்றாவது கியர் பக்கத்தில் பெடல் வெறுமனே சுழல்கிறது, ஹப் போய்விட்டது என்று பட்டியல். ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எதுவுமே பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் தளர்ந்திருந்தால் ஹப் அங்கே போய் நின்றுவிடும். ஏறி மிதித்தால் ஆளே முன்னால் விழலாம், ஆகவே அலட்சியம் செய்யக் கூடாது. நடுக் கியரில் வைத்து, வலது பக்கத்து நட்டின் துளை வழியாகப் பார்த்தால் சின்னச் சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள் ஆக்சிலின் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். வீடியோ அழைப்பிலேயே பார்த்துத் திருகினார், ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றி அனுப்புகிறவன் இதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். இப்போது வைக்கிறேன்.

பதினான்கு நாள்

கூரியரிடம் கேட்பதற்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நாடு விட்டு நாடு விமானத்தில் போகும் சரக்குக்கு 1999-ம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அதில் இருக்கின்றன. சேதம் என்றால் சரக்கு கையில் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், கூரியர் பக்கம் ஏமாற்று இருந்தாலொழிய, அப்புறம் வழக்குக் கூடப் போட முடியாது. புகார் சொல்லாமல் வாங்கிக்கொண்டாலே சரக்கு நல்லபடி வந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். பிப்ரவரி 4-ல் கிடைத்தது, 18-ல் கெடு முடிகிறது. நாங்கள் பேசி முடித்தது 16 ராத்திரி.

வாங்கிக்கொண்டவர் எழுதுவதுதான் முக்கியம், அனுப்பியவன் மட்டும் எழுதிப் போதாது. 17-ம் தேதி திங்கள் அவர் ஒரு மின்னஞ்சல், நான் ஒன்று. மெல்போர்ன் அப்போது நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், அங்கே அலுவலகம் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே எழுத உட்கார்ந்தோம். ரசீது எண், பெட்டியின் எடை, அவர்கள் ஆளே எடுத்த வாசல் படம், செயின்கவரின் நீள மடிப்பு, அனுப்பும் முன் அதே பக்கத்தைக் காட்டும் என் ஒன்பதாவது படம், பழுது பார்க்கக் கடை எழுதிய தொகை. இவ்வளவுதான். ஃபோர்க்கையும் நட்டுப் பள்ளத்தையும் அதில் சேர்க்கவில்லை. கட்டிய குறையால் வந்த சேதத்துக்குக் கூரியர் பொறுப்பில்லை என்று அதே உடன்படிக்கையில் இருக்கிறது. சேர்த்து எழுதினால் பொய்யாகிவிடும். அதோடு அவர்கள் மொத்தத்தையும் "கட்டு சரியில்லை" என்று ஒரு வரியில் தள்ளிவிட அதுவே போதும். கட்டிய விதம் பற்றிப் பின்னால் கேட்டபோது உள்ளே எடுத்த படங்களை மறைக்காமல் அனுப்பினேன். பிளந்த மூலையில் இரண்டடுக்கு அட்டை இருந்ததை அதில் பார்த்துக்கொண்டார்கள்.

உச்சவரம்பு எவ்வளவு என்று பலருக்குத் தெரிவதில்லை. தனியாக மதிப்புச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு இத்தனை எஸ்.டி.ஆர். என்றுதான் கணக்கு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்று அப்போது ஏறக்குறைய 1.3 அமெரிக்க டாலர். 2019 டிசம்பரிலிருந்து கிலோவுக்கு 22 ஆக இருந்தது, 2024 டிசம்பர் 28 முதல் 26. நம் பெட்டிக்கு 23 கிலோ, ஆக 598 எஸ்.டி.ஆர். வரை கேட்கலாம். கூலி போடும்போது 46 கிலோ என்பார்கள், ஆனால் இந்தக் கணக்குக்கு நிஜ எடைதான். செயின்கவர் மடிப்புக்கு அந்த வரம்பில் கால்பங்குகூட ஆகவில்லை.

பணம்

திரும்ப அனுப்பச் சொல்லும் யோசனையை ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்டேன். அங்கிருந்து கூலி வண்டி விலைக்கே வந்துவிடும், கையில் கிடைப்பது ஃபோர்க் வளைந்து மரை போன வண்டி. அதைவிட, அவருக்கு வண்டி வேண்டும். இத்தனை நடந்தும் "வண்டியை நான் வச்சுக்கொள்ளுறன்" என்று ஞாயிறு ராத்திரியே சொல்லிவிட்டார்.

கடை எழுதிக் கொடுத்த தொகை: ஃபோர்க் நேராக்க 90 டாலர், செயின்கவர் நீள மடிப்பு தட்டிப் பெயின்ட் அடிக்க 110, நட்டுப் பள்ளம் 50, மட்கார்டு விரிசலுக்கு உள்ளே தகடு வைத்து ரிவெட் அடிக்க 30. மொத்தம் 280. கூரியர் கொடுக்க வேண்டிய 110-ஐயும் சேர்த்து நானே 18-ம் தேதி அனுப்பினேன். கூரியர் எப்போது கொடுப்பார்கள், கொடுப்பார்களா என்பது எனக்கும் அவர்களுக்கும் உள்ள விவகாரம், அதற்காக அவரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

பணம் அனுப்பியதும் தளத்தின் வழியாகத்தான். நேரடியாக அனுப்பியிருந்தால் தளத்தின் கண்ணில் அது கொடுக்காத பணம், புகார் அப்படியே நிற்கும். வீடியோ அழைப்பில் பேசியதை எல்லாம் அன்றன்றே ஆங்கிலத்தில் சுருக்கி, தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதிவைத்தேன். தமிழில் பேசினோம், தமிழில்தான் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம், ஆனால் நாளைக்கு இதைப் படிக்கப் போகிறவர் வேறு யாரோ ஓர் அதிகாரி. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கீழே அவர் "ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதினார். கடைசியில் பகுதித் தொகை பெற்றுக்கொண்டு புகாரை அவரே முடித்தார்.

கூரியரோடு ஏழு வாரம் ஆயிற்று. வண்ணாரப்பேட்டை அலுவலகத்துக்கு நான்கு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அதே தாள்கள், வேறு ஆள். கேட்ட 110 டாலருக்கு ஈடான தொகை ஏப்ரலில் வந்தது. ஆக என் கையிலிருந்து போனது 170 டாலர், 9,000 ரூபாய் போல. பெட்டியில் நான்கு சென்டிமீட்டர் அகலம் கூட்டியிருந்தால் ஏழரை கிலோ கூடியிருக்கும், அந்தக் கூலிக்கு 5,000 ரூபாய். ஃபோர்க்குக்கு நடுவே வைக்கும் பழைய ஆக்சில் அண்ணாச்சி கடையில் ஒரு வாளி நிறையக் கிடக்கிறது, சும்மாவே கொடுப்பார். இப்போது வண்டி கட்டுகிற நாளைக்கு முன்னாலேயே போய் எடுத்துவந்துவிடுகிறேன். உள்ளே இரண்டு நட்டு, வெளியே இரண்டு நட்டு, முறுக்கிவிட்டு அதையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கிறேன். ஹப்பின் இருபக்க நட்டுக்கும் தடித்த ரப்பர் மூடி. கியர் சரிசெய்யும் விவரம் ஒரு தாளில். பி.பி. கப்பில் 26 மரை, வேறு கப் போட வேண்டாம் என்று ஓர் அட்டையில் எழுதி, கிராங்கிலேயே கயிற்றால் கட்டிவிடுகிறேன்.

மரை விஷயம் பாக்கி இருந்தது. குழாயின் வாயில் மூன்று சுற்று மட்டும்தான் அறுந்திருந்தது, உள்ளே நல்லாத்தான் இருந்தது. பழைய கப்பில் குழி விழுந்திருந்தது உண்மை. அண்ணாச்சி பழைய இரும்பில் போட்டிருந்த ஒரு ராலே ஃபிரேமிலிருந்து 26 மரைக் கப் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அதன் வாய்ப்பக்கத்து மரையில் சின்ன ரம்பத்தால் குறுக்கே இரண்டு பள்ளம் கீறி, "இதை எண்ணெய் போட்டு மெதுவா விட்டு விட்டு ஏத்தச் சொல்லு. பழைய மரையை அதுவே வழி காட்டிக்கிட்டுப் போகும்" என்றார். நான் அதைத் தபாலில் அனுப்பினேன். கூடக் கொஞ்சம் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வைக்க மனம் வந்தது. அங்கே சாப்பாட்டுச் சாமானைச் சோதிப்பார்கள், அதற்காகக் கப் நிற்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வீடியோ வந்தது. என் வீடியோவில் இருந்த அதே கோணம். செயின்கவரில் புதுப் பெயின்ட், நட்டுப் பள்ளம் இருந்த இடம் மட்டும் வெளிச்சத்தில் லேசாகத் தெரிந்தது. அவர் கை ஒரு தடவை கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டது. சத்தமில்லாமல் சுற்றியது. பின்னால் யாரோ சின்னப் பிள்ளை எண்ணுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று என்று, அது நிற்கும் வரை.